கியூ நீளுவது ஏன்?

(பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் திரளாகக் கூடியிருந்த கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



அமெரிக்காவில் உள்ள மலிவு விலைக் கடைகளைப் பற்றிப் பேசும்படி என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். கூலி, வேலைப் பளு, ரேஷன் என்று நமக்கே தலைக்கு மேல் பிரச்னைகள் இருக்கும்போது, அமெரிக்காக்காரன் கடையில் கியூ நீளமாக இருந்தால் நமக்கென்ன வந்தது என்று சிலர் முணுமுணுப்பது என் காதிலும் விழுகிறது. கேள்வி நியாயமானதுதான். ஆனால் அந்தக் கடைகளில் நடக்கும் காரியத்தைச் சொல்லி முடித்தால், "இது நம் மில்லில் நடப்பதாயிற்றே!" என்று நீங்களே சொல்வீர்கள். அது மட்டுமல்ல. அந்தக் கடைகளில் பெரிய கடையான வால்மார்ட், 2018-ல் 1,600 கோடி டாலர் கொடுத்து நம் நாட்டு ஃபிளிப்கார்ட் கம்பெனியின் பெரும் பங்கை வாங்கிவிட்டது. அவர்கள் கணக்குப் போடும் முறையை நாம் தெரிந்துகொள்வதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

முதலில் அந்தக் கடை எப்படி இருக்கும் என்று பார்ப்போம். தகரக் கொட்டகை மாதிரி ஒரு நீண்ட கட்டிடம். சோப்பு, பால், ரொட்டி, குழந்தைத் துணி, விளக்குமாறு எல்லாம் ஒரே கூரையின் கீழ். விலை குறைவு. வருகிறவர்கள் யார்? பெரும்பாலும் பாட்டாளி ஜனங்கள். ஷிப்டு முடிந்து வருகிற தொழிலாளி, பென்ஷனில் காலம் தள்ளும் கிழவர், இடுப்பில் குழந்தையோடு வருகிற தாய். சர்க்கார் கொடுக்கும் உணவு உதவி அட்டையோடு வருகிறவர்களும் ஏராளம். கடையின் முன்பக்கம் பில் போடும் இடங்கள் வரிசையாக இருக்கும். பத்து இருந்தால், இரண்டில்தான் விளக்கு எரியும். சின்னக் கடையானால் இரண்டு இருக்கும். ஒன்றில்கூட ஆள் இராது. கல்லாவில் நிற்க வேண்டிய பெண் உள்ளே பெட்டி பிரித்துச் சாமான் அடுக்கிக்கொண்டிருப்பாள். யாராவது கூப்பிட்டால் ஓடி வருவாள். பில் போட்டுக்கொண்டே இருப்பாள். பாதியில் டெலிபோன் மணி அடிக்கும். கியூவில் ஏழு பேர், எட்டுப் பேர். பின்னால் நிற்கிறவன் வாயை மூடிக்கொண்டு நிற்பானா? "இந்தக் கடையில் மரியாதையே கிடையாது. இந்தப் பெண்ணுக்கு வேலை செய்யவே மனசில்லை" என்று கத்துவான். அவளும் ஒரு வார்த்தை பதிலுக்குச் சொல்லிவிடுவாள். மறுநாள் பத்திரிகையில் ஒரு கடிதம் வரும்: மலிவு விலைக் கடைகளில் வாடிக்கையாளரைக் கவனிப்பதே இல்லை என்று.

புகார் பொய்யல்ல. காத்திருந்தது உண்மை. கால் வலித்தது உண்மை. கடுகடுப்பான முகமும் உண்மை. சில பேர் இயல்பிலேயே சிடுமூஞ்சிகளாக இருக்கலாம், அதையும் மறுக்க வேண்டாம். எல்லாத் தொழிலிலும் அப்படிச் சிலர் உண்டு. ஆனால் ஒரு கடையில் அல்ல, ஓர் ஊரில் அல்ல, ஆயிரக்கணக்கான கடைகளில் ஒரே மாதிரி கியூ நிற்கிறது, ஒரே மாதிரி சண்டை நடக்கிறது என்றால், அத்தனை ஆயிரம் பெண்களும் சொல்லி வைத்தாற்போல் சோம்பேறிகளாகிவிட்டார்களா? காரணம் வேறு எங்கோ இருக்கிறது.

வேலை கை மாறிய கதை

பழைய காலத்துக் கடை உங்களுக்குத் தெரியும். நீங்கள் வெளியே நிற்பீர்கள். செட்டியார் கடைப் பையன் உள்ளேயிருந்து பருப்பை நிறுத்துப் பொட்டலம் கட்டிக் கொடுப்பான். அமெரிக்காவிலும் அப்படித்தான் இருந்தது. 1916-ல் மெம்பிஸ் நகரத்தில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் 'பிக்லி விக்லி' என்று ஒரு கடை திறந்தார். அங்கே வாடிக்கையாளரே உள்ளே போய், கூடையில் சாமானை எடுத்துக்கொண்டு, வெளியே வரும் வழியில் ஓரிடத்தில் காசு கொடுக்க வேண்டும். சாமான் எடுத்துத் தரும் வேலை கடைப் பையன் கையிலிருந்து வாங்குகிறவர் கைக்கு மாறியது. அதற்காக யாரும் அவருக்குக் கூலி கொடுக்கவில்லை. விலை கொஞ்சம் குறைந்தது. ஜனங்களுக்கும் தாங்களே பார்த்து எடுப்பது பிடித்திருந்தது. அதில் தப்பு இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அதற்குப் பிறகு கடை ஊழியர் வாடிக்கையாளருக்கு நேருக்கு நேர் சேவை செய்யும் இடம் என்று கடையில் மிஞ்சியது ஒன்றே ஒன்றுதான். அது கல்லா. மற்ற இடங்களில் ஆளைக் குறைத்தால் வெளியே தெரியாது. கல்லாவில் குறைத்தால் கியூவாகத் தெரியும்.

1962 இந்தக் கதையில் ஒரு முக்கியமான வருஷம். அந்த ஒரே வருஷத்தில் சாம் வால்டன் ஆர்கன்சா மாகாணத்தில் ராஜர்ஸ் என்ற சிற்றூரில் முதல் வால்மார்ட்டைத் திறந்தார். கேமார்ட்டும் டார்கெட்டும் அதே வருஷம் பிறந்தன. ஜெர்மனியில் ஆல்பிரெக்ட் சகோதரர்களின் கடைகள் 'ஆல்டி' என்ற பெயரை எடுத்துக்கொண்டதும் 1962-ல்தான். எல்லோருடைய சூத்திரமும் ஒன்றே: சாமானுக்குக் கொஞ்சம் லாபம், விற்பனை மலை போல. ஒரு சாமானில் கிடைக்கும் லாபம் சில காசுகள்தான் என்றால், செலவை எங்கே பிடிப்பது? கட்டிட வாடகையைக் குறைக்க முடியாது. மின்சாரக் கட்டணத்தைக் குறைக்க முடியாது. சாமான் அனுப்புகிறவனை நெருக்கலாம், அதையும் செய்தார்கள். அதற்கு மேல் கை வைக்கக்கூடியது ஒன்றுதான்: ஆள் கூலி.

மில் தோழர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. இரண்டு சைடு பார்த்தவரை நாலு சைடு பார்க்கச் சொல்கிறார்கள். இழை அறுகிறது, ஓடிப்போய்ப் பிணைப்பதற்குள் இந்தப் பக்கம் பத்து இழை அறுகிறது. கழிவுப் பஞ்சு பெருகுகிறது. மெமோ யாருக்கு வருகிறது? சைடைக் கூட்டிய நிர்வாகத்துக்கா? இல்லை, ஓடி ஓடிக் கால் வீங்கிய சைடருக்கு! வயலில் வேலை செய்யும் தாய்மார்களும் யோசித்துப் பாருங்கள். பத்துப் பேர் நட வேண்டிய நிலத்தை ஏழு பேரை வைத்து நடச் சொல்லி, பொழுது சாய்ந்தும் கரையேற விடாமல், "நாற்று இடைவெளி சரியில்லை" என்று உங்களைத்தானே ஏசுகிறார்கள்? அந்தக் கடைக் கல்லாவில் நடப்பது இதேதான். ஒரே ஒரு வித்தியாசம். இங்கே ஏசுகிறவன் முதலாளியின் ஆள். அங்கே முதலாளி ஏச வேண்டியதே இல்லை. கியூவில் நிற்கும் இன்னொரு தொழிலாளியே அவனுக்காக ஏசிவிடுகிறான்!

மணிக் கணக்கு

கடையில் இத்தனை ஆள் வேண்டும் என்று தீர்மானிப்பது யார்? கடை மேனேஜர் அல்ல. தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு கணக்கு வருகிறது. போன வருஷம் இதே வாரம் எவ்வளவு விற்றது, இந்த வாரம் எவ்வளவு விற்கும் என்று கம்ப்யூட்டர் மதிப்புப் போட்டு, "உன் கடைக்கு இந்த வாரம் இத்தனை மணி நேர வேலைதான்" என்று சொல்லிவிடும். அந்த மணிகளை மேனேஜர் ஆட்களுக்குப் பங்கு போட வேண்டும். விற்பனை கொஞ்சம் படுத்தால் மணி வெட்டப்படும். லாரியில் சாமான் வந்து இறங்கினாலும், ஒருவர் சுகவீனப்பட்டாலும், கியூ வாசல் வரை நின்றாலும், மணி கூடாது.

ஒரு சின்னக் கணக்கு. இது நான் உதாரணத்துக்குப் போடுகிற கணக்குதான். ஒரு கடையில் ஒரு ஷிப்டுக்கு ஓர் ஆளைக் குறைத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். கம்பெனிக்கு மிச்சம் எட்டு மணி நேரக் கூலி. அதனால் அன்றைக்கு வந்த 300 பேரும் ஆளுக்கு 8 நிமிஷம் கூடுதலாகக் கியூவில் நின்றார்கள். 2,400 நிமிஷம். நாற்பது மணி நேரம். ஐந்து ஷிப்டு! ஒரு ஷிப்டுக் கூலியை மிச்சம் பிடிக்க, ஜனங்களின் ஐந்து ஷிப்டு நேரம் விரயமாகிறது. அது யாருடைய கணக்குப் புத்தகத்திலும் ஏறுவதில்லை. ஏனென்றால் ஏழையின் நேரத்துக்கு விலை போட ஆளில்லை. விலை கூடிய கடைகளுக்குப் போய்ப் பாருங்கள். அங்கே காத்திருக்க விடமாட்டார்கள். பையில் சாமானைப் போட்டுக் கொடுக்கவே ஓர் ஆள் நிற்பான்.

நான் சொல்வது வெறும் ஊகமல்ல என்பதற்கு வால்மார்ட்டின் சொந்தக் கதையே போதும். 2008-க்கும் 2013-க்கும் இடையே அந்தக் கம்பெனி அமெரிக்காவில் 455 வால்மார்ட் கடைகளைக் கூட்டியது. கடை கூடினால் ஆள் கூட வேண்டும் அல்லவா? நடந்தது நேர்மாறு. அமெரிக்காவில் இருந்த அதன் மொத்த ஊழியர்களில் சுமார் 20,000 பேர் குறைந்தார்கள். விளைவு? கிடங்கில் சாமான் குவிந்து கிடக்கும். அலமாரி காலியாக இருக்கும். எடுத்து வைக்க ஆளில்லை. பில் போடும் இடத்தில் கியூ. அமெரிக்காவில் வாடிக்கையாளர் திருப்தியை அளந்து வருஷா வருஷம் வெளியிடும் கணக்கு ஒன்று இருக்கிறது. 2013 தொடக்கத்தில் வெளிவந்த அந்தக் கணக்கில், இந்த மாதிரிக் கடைகளில் வால்மார்ட் கடைசி இடத்தில் நின்றது. தனியாகவோ, வேறு கடையோடு சேர்ந்தோ அது கடைசியில் நின்றது தொடர்ந்து ஆறாவது வருஷம்!

அந்தக் கதை அங்கே முடியவில்லை. ஜனங்கள் வேறு கடைக்குப் போகத் தொடங்கினார்கள். ஊழியர்கள் பல ஊர்களில் வேலை நிறுத்தம் செய்து, 15 டாலர் கூலி கேட்டுத் தெருவில் நின்றார்கள். 2015 பிப்ரவரியில் கம்பெனி இறங்கி வந்தது. ஆரம்பக் கூலியை மணிக்கு 9 டாலராக்கியது. 2016-ல் 10 டாலராக்கியது. பயிற்சியும் கொடுத்தது. பிறகு நடந்ததைக் கவனமாகக் கேளுங்கள். 2015 தொடக்கத்தில், கம்பெனி தானே வகுத்த வாடிக்கையாளர் சேவை இலக்கை எட்டிய கடைகள் நூற்றுக்குப் பதினாறுதான். 2016-ல் அது நூற்றுக்கு எழுபத்தைந்து! அதே ஜனங்கள், அதே அமெரிக்கா. ஊழியர்கள் திடீரென்று நல்ல பிள்ளைகளாகிவிட்டார்களா? கூலி கொஞ்சம் உயர்ந்தது, வேலை கற்றுக்கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

இதைக் கண்டு கம்பெனிக்குச் சொந்தக்காரர்கள் மகிழ்ந்திருக்க வேண்டாமா? 2015 அக்டோபர் 14-ந் தேதி, கூலி உயர்வும் பயிற்சிச் செலவும் சேர்ந்து அடுத்த வருஷத்து லாபத்தைக் குறைக்கும் என்று கம்பெனி அறிவித்தது. அன்று ஒரே நாளில் பங்கு மார்க்கெட்டில் அதன் பங்கு விலை நூற்றுக்குப் பத்து விழுந்தது. கியூ குறையத் தொடங்கிய வருஷம்தான் பங்குக்காரனுக்கு வயிற்றெரிச்சல் வருஷம். கல்லாவுக்கு முன்னால் நிற்கிறவனுடைய நலமும் கல்லாவுக்குப் பின்னால் நிற்கிறவளுடைய நலமும் ஒரு தட்டில் ஏறி இறங்குகின்றன. அடுத்த தட்டில் இருப்பது வேறு ஆசாமி. இதற்கு மேல் அத்தாட்சி எதற்கு?

ஒரு டாலர் கடை

வால்மார்ட்டாவது பெரிய கடை. அதை விடச் சின்ன ஊர்களுக்குள், வேறு கடையே இல்லாத கிராமங்களுக்குள் புகுந்திருப்பது 'டாலர் ஜெனரல்'. 1939-ல் கென்டக்கி மாகாணத்தில் மொத்த வியாபாரமாகத் தொடங்கியது. 1955-ல், எந்தச் சாமானும் ஒரு டாலருக்கு மேல் இல்லை என்று சொல்லி முதல் கடையைத் திறந்தது. இப்போது 20,000-க்கு மேற்பட்ட கடைகள். ஒரு கடைக்கு எத்தனை ஆள் என்கிறீர்கள்? பல நேரங்களில் இரண்டு பேர். சில நேரங்களில் ஒருவர். அந்த ஒருவரே கல்லா, அவரே அலமாரி, அவரே லாரிச் சாமான், அவரே துடைப்பம், அவரே காவல்.

சாமான் வந்துகொண்டே இருக்கும், அடுக்க ஆள் இல்லை. பெட்டிகள் நடைவழியில் குவிகின்றன. நெருப்புப் பிடித்தால் ஓடும் கதவையே பெட்டிகள் மறைக்கின்றன. சர்க்கார் தொழிலாளர் பாதுகாப்பு இன்ஸ்பெக்டர்கள் பல மாகாணங்களில் மீண்டும் மீண்டும் இதே குற்றத்தைக் கண்டு அபராதம் போட்டார்கள். கடைசியில் 2024 ஜூலையில் 1 கோடியே 20 லட்சம் டாலர் கட்டவும், கடைகளில் சாமான் தேக்கத்தைக் குறைக்கவும் கம்பெனி சம்மதித்தது. பஞ்சாலையில் வேலை செய்கிறவர்களுக்கு, அடைத்து வைத்த கதவும் நெருப்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆள் குறைவால் வரும் இன்னொரு வினை, வாங்குகிறவர் மடியில் நேராகக் கை வைக்கிறது. அலமாரியில் ஒரு விலை ஒட்டியிருக்கும். கல்லாவில் மெஷின் காட்டுவது கூடுதல் விலை. கம்ப்யூட்டரில் விலை மாறிவிட்டது, அலமாரிச் சீட்டை மாற்ற ஆள் இல்லை. பால் டின்னுக்கு அங்கே ஒரு விலை, இங்கே ஒரு விலை என்றால் சண்டை வராமல் இருக்குமா? அந்தப் பெண் அலமாரிக்கு ஓடிப் பார்த்துவிட்டு வருவதற்குள் கியூவில் இன்னும் நாலு பேர். வெர்மான்ட் மாகாணத்தில் இந்த விவகாரத்துக்காக 2019-ல் டாலர் ஜெனரல் 17½ லட்சம் டாலர் கட்டியது. ஒகாயோ மாகாணத்தின் அட்டர்னி ஜெனரல் 2022-ல் வழக்குப் போட்டார். அடுத்த வருஷம் 10 லட்சம் டாலரில் தீர்வாயிற்று. சீட்டு மாற்றத் தவறியதால் வந்த கோளாறு எப்போதும் கம்பெனிக்கு லாபமாகவே முடிகிறதே, அது என்ன விந்தையோ!

"கடைக்கு மேனேஜர் ஒருவர் இருப்பாரே, அவர் கேட்க மாட்டாரா?" என்று ஒரு தோழர் கேட்கிறார். மேனேஜர் கதையைக் கேளுங்கள். 'ஃபாமிலி டாலர்' என்று இன்னொரு கம்பெனி. அதன் கடை மேனேஜர்கள் வாரத்துக்கு அறுபது, எழுபது மணி நேரம் வேலை செய்தார்கள். ஓவர்டைம் கிடையாது. கேட்டால், "நீங்கள் மேனேஜர்கள், நிர்வாகத்தைச் சேர்ந்தவர்கள், உங்களுக்கு ஏது ஓவர்டைம்?" என்றது கம்பெனி. 1,424 பேர் வழக்கில் சேர்ந்தார்கள். அவர்கள் நேரத்தில் நூற்றுக்கு எண்பது, தொண்ணூறு பங்கு போனது லாரி இறக்குவதிலும், பெட்டி அடுக்குவதிலும், கல்லாவில் நிற்பதிலும், தரை கூட்டுவதிலும்தான் என்று கோர்ட்டில் நிரூபணமாயிற்று. மேனேஜர் என்ற பெயர்ப் பலகையை மாட்டி, ஓவர்டைம் கூலியை விழுங்கியிருக்கிறார்கள். 2008-ல் அப்பீல் கோர்ட்டு அவர்கள் பக்கம் தீர்ப்பை உறுதி செய்தது: 3 கோடியே 55 லட்சம் டாலருக்கு மேல். நம் பக்கத்தில் மேஸ்திரிக்கு 'சூப்பர்வைசர்' என்று பெயர் மாற்றிச் சங்கத்திலிருந்து பிரிக்கிறார்களே, அந்த வித்தையின் அண்ணன் இது.

கூலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்க மத்திய சர்க்கார் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி 2009 ஜூலையில் மணிக்கு 7 டாலர் 25 காசு ஆயிற்று. அதற்குப் பிறகு பதினைந்து வருஷம் கடந்தும் ஒரு காசு ஏறவில்லை. பல மாகாணங்கள் தாங்களே உயர்த்திக்கொண்டன. இந்தக் கடைகள் நிறைந்திருக்கும் தென் மாகாணங்கள் பலவற்றில் அதுவும் இல்லை. 2020-ல் அந்த நாட்டுப் பார்லிமெண்டின் தணிக்கை அலுவலகம் சில மாகாணங்களில் ஆராய்ந்து ஓர் அறிக்கை கொடுத்தது: வேலையில் இருந்துகொண்டே சர்க்காரின் உணவு உதவி வாங்கும் தொழிலாளர்களை வைத்திருக்கும் முதலாளிகளில் முன் வரிசையில் இருப்பது வால்மார்ட், டாலர் கடைகளும் அந்தப் பட்டியலில் உண்டு. வாடிக்கையாளரின் உணவு அட்டையை மெஷினில் தேய்க்கும் பெண், வேலை முடிந்ததும் தன் அட்டையை எடுத்துக்கொண்டு அதே கியூவில் வந்து நிற்கிறாள்.

மெஷின் வந்த கதையை அதிகம் வளர்க்க வேண்டாம். 1974 ஜூன் 26-ந் தேதி ஒகாயோ மாகாணத்து டிராய் நகரக் கடையில் ஒரு சூயிங்கம் கட்டின் மேல் இருந்த கோடுகளை மெஷின் முதன்முதலாகப் படித்து 67 காசு என்று விலை சொன்னது. வேலை வேகமாயிற்று. வேகத்தின் பலன் கியூவில் நிற்பவருக்கு வரவில்லை. ஆள் குறைப்பாக மாறிற்று. பிறகு, வாங்குகிறவரே தன் பில்லைத் தானே போட்டுக்கொள்ளும் மெஷின்கள். 1916-ல் சாமான் எடுக்கும் வேலையை நம் தலையில் கட்டினார்கள். இப்போது கணக்கெழுதும் வேலையையும். டாலர் ஜெனரல் இந்த மெஷின்களை ஆயிரக்கணக்கில் வைத்தது; 2024-ல் சுமார் 12,000 கடைகளிலிருந்து எடுத்துவிட்டது. ஜனங்கள் மேல் இரக்கம் வந்தா? இல்லை, சாமான் காணாமல் போகிறதாம். கியூவால் நம் நேரம் போனபோது வராத அவசரம், அவர்கள் சாமான் போனதும் வந்துவிட்டது.

"விலை மலிவாக வேண்டுமானால் கொஞ்சம் காத்திருக்கத்தானே வேண்டும்? இரண்டும் கிடைக்குமா?" என்று நியாயம் பேசுகிறவர்கள் உண்டு. அவர்களுக்குப் பதில் ஜெர்மனியில் இருக்கிறது. ஆல்டி கடையில் விலை மலிவு. கியூவும் வேகமாக நகரும். காஷியர் நாற்காலியில் உட்கார்ந்தே பில் போடுகிறார். மலிவுக்கும் கியூவுக்கும் தாலி கட்டி வைக்கவில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. ஆனால் உடனே ஆல்டிக்கு மாலை போட்டுவிட வேண்டாம். அங்கே சாட்டை வேறு வடிவத்தில் இருக்கிறது: காஷியரின் கை வேகத்தை அளக்கிறார்கள். அவர்களுடைய போட்டிக் கம்பெனியான 'லிடில்' என்ன செய்தது தெரியுமா? கடைகளில் ரகசியக் காமிராக்களும் துப்பறிகிறவர்களும் வைத்து, ஊழியர் எத்தனை தடவை கழிப்பறைக்குப் போகிறார், யாரோடு பேசுகிறார் என்று குறிப்பெழுத வைத்தது. 2008 மார்ச்சில் 'ஷ்டெர்ன்' பத்திரிகை இதை அம்பலப்படுத்தியது. அதே வருஷம் அந்தக் கம்பெனிக்குச் சுமார் 15 லட்சம் யூரோ அபராதம் விழுந்தது. மெதுவான கியூவானாலும் வேகமான கியூவானாலும், எத்தனை ஆள், என்ன வேகம் என்று தீர்மானிக்கும் இடத்தில் கல்லாப் பெண்ணுக்கும் குரல் இல்லை, கியூவில் நிற்பவருக்கும் குரல் இல்லை.

குரல் எழுப்பினால் என்ன ஆகிறது என்பதற்குக் கனடா உதாரணம். கியூபெக் மாகாணத்தில் ஜான்கியேர் என்ற ஊர் வால்மார்ட் ஊழியர்கள் 2004-ல் சங்கம் அமைத்தார்கள். பேச்சு வார்த்தை முடிவதற்குள், 2005 ஏப்ரலில் கம்பெனி கடையையே இழுத்து மூடிவிட்டது. லாபம் இல்லையாம்! ஊழியர்கள் விடவில்லை. ஒன்பது வருஷம் வழக்காடினார்கள். 2014-ல் கனடாவின் சுப்ரீம் கோர்ட்டு, கம்பெனி செய்தது சட்ட விரோதம் என்று சொன்னது. கடை திரும்ப வரவில்லை. ஆனாலும் அந்தத் தீர்ப்பு நின்றது.

ஒரு நாற்காலி

நாற்காலி என்றேனே, அதைச் சொல்லாமல் போக முடியாது. அமெரிக்காவில் காஷியர்கள் எட்டு மணி நேரமும் நின்றுகொண்டே வேலை செய்ய வேண்டும். ஜெர்மனியில் உட்கார்ந்து செய்யும் அதே வேலைதான். உட்கார்ந்தால் வாடிக்கையாளருக்கு மரியாதைக் குறைவாம்! கியூவில் கால் கடுக்க நிற்கும் வாடிக்கையாளருக்கு மரியாதை கொடுக்க இன்னொருத்தியும் கால் கடுக்க நிற்க வேண்டும் என்பது முதலாளிகள் கண்டுபிடித்த புது மரியாதை. கலிபோர்னியா மாகாணத்தில் வேலையின் தன்மை இடம் கொடுத்தால் இருக்கை தர வேண்டும் என்று பழைய விதி ஒன்று இருந்தது. காஷியர்கள் அதைத் தூசி தட்டி எடுத்து வழக்காடினார்கள். 2018-ல் வால்மார்ட் 6½ கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. சுமார் ஒரு லட்சம் காஷியர்கள் சம்பந்தப்பட்ட வழக்கு அது.

இந்த விஷயத்தில் நம் பக்கத்துப் பெண்கள் அமெரிக்காவுக்குப் பின்தங்கியவர்கள் அல்ல. கோழிக்கோட்டில் மிட்டாய்த் தெரு என்று பெரிய கடைத் தெரு. அங்கே ஜவுளிக்கடைகளில் வேலை செய்த பெண்களுக்கு உட்கார இடமில்லை, ஒதுங்கக் கழிப்பறை இல்லை. தண்ணீர் குடித்தால் ஒதுங்க வேண்டுமே என்று தண்ணீரே குடிக்காமல் நாளெல்லாம் நின்றார்கள். தையல் தொழிலாளியாக இருந்த விஜி என்ற பெண்மணியும் மற்றவர்களும் சேர்ந்து சங்கம் கட்டிப் பல வருஷம் போராடினார்கள். 2018-ல் கேரள சர்க்கார் சட்டத்தைத் திருத்தி, கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமை கொடுத்தது. 2021 செப்டம்பரில் தமிழ்நாட்டுச் சட்டசபையும், 1947-ஆம் வருஷத்துக் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. கடை ஊழியர் ஒவ்வொருவருக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலை நேரம் முழுவதும் நிற்க வைக்கக் கூடாது என்பது அதன் சாரம்.

உங்களில் பலருடைய பெண்கள் ஜவுளிக்கடைகளிலும் பெரிய மளிகைக் கடைகளிலும் பில் போடுகிறார்கள், சேலை எடுத்துப் போடுகிறார்கள். தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகும்போது அந்தப் பெண்ணுக்குப் பின்னால் ஸ்டூல் ஒன்று இருக்கிறதா, இருந்தால் அதில் உட்கார விடுகிறார்களா, அல்லது இன்ஸ்பெக்டர் வரும் நாளைக்காக மடக்கி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். ரேஷன் கடையிலும் பார்த்திருப்பீர்கள்: பில் போடுகிறவர் ஒருவர், எடை போட ஒருவர் என்று இரண்டு பேர் இருக்க வேண்டிய இடத்தில் பல ஊர்களில் ஒருவரே இரண்டையும் செய்கிறார். கைரேகை மெஷின் மக்கர் பண்ணினால் பாட்டி அவரைத்தான் திட்டுகிறாள். "இந்தக் கடைக்கு எடை போட ஆள் எங்கே?" என்று கேட்டு அந்தப் பாட்டியும் கையெழுத்துப் போட்டு ஒரு மனு தாலுகா ஆபீசுக்குப் போகட்டும். விற்பனையாளரிடமும் ஒரு கையெழுத்து வாங்குங்கள். பயந்தால் கட்டாயப்படுத்த வேண்டாம்.

22-ஏ பிரிவின்படி புகார் எப்படி எழுதுவது, யாருக்குக் கொடுப்பது, புகார் கொடுத்த பெண்ணின் பெயர் கடை முதலாளிக்குத் தெரியாமல் எப்படிக் காப்பது என்பதையெல்லாம் அடுத்துப் பேச இருக்கும் கடை ஊழியர் சங்கத் தோழர் விவரமாகச் சொல்வார். அவர் பகலெல்லாம் கடையில் நின்றுவிட்டு நேராக இங்கே வந்திருக்கிறார். முதலில் அவருக்கு ஒரு நாற்காலி போடுங்கள், தோழர்களே.